‘என நிறுவனம் தெரிவிக்கிறது’

நேற்று மாலை பக்கத்து வீட்டுப் பெண் ஒரு விண்ணப்பத் தாளோடு வந்தாள். தொடர்பியல் முதுகலையில் முதலாண்டு முடித்துவிட்டாளாம். இரண்டாம் ஆண்டுக்கு எந்தப் பிரிவை எடுக்கலாம் என்று கேட்டாள். “நீங்க ரேடியோவுல இருந்தவங்க, சொல்லுங்க அங்கிள்.” தாளில் ஏழெட்டுக் கட்டங்கள். கண்ணாடியைத் தேடுவதுபோல உள்ளே போய்ச் சற்று நேரம் நின்றேன். திரும்பி வந்து, “உனக்கு எது பிடிக்குதோ அதை எடும்மா, யாரையும் கேட்காதே” என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. ஒரு யோசனை சொல்ல இவருக்கு இவ்வளவு பிகுவா என்று நினைத்திருப்பாள். நான் யோசனை சொன்னால் என்ன ஆகும் என்பது என்னோடு படித்த உனக்குத்தான் தெரியும்.

நம் காலத்தில் மூன்றே கட்டங்கள்: பத்திரிகை, வானொலி, மக்கள் தொடர்பு. எழுபதுகளின் தொடக்கம் அது. அந்தப் படிப்புக்குத் தமிழில் ஒரு பெயர்கூட நிலைத்திருக்கவில்லை. நாசரேத்தில் வாத்தியாராக இருந்த என் அப்பா, மெட்ராஸில் மகன் என்ன படிக்கிறான் என்று கேட்பவர்களிடம், “ஏதோ பேப்பர் சம்பந்தமா” என்பார். மணப்பாட்டில் உன் அம்மாவோ, “எம்மவன் ரேடியோப் படிப்பு படிக்கான்” என்று கடற்கரை முழுவதும் சொல்லி வைத்திருந்தார். அதில் தவறும் இல்லை. உன் குரல் அப்படி. ஒலிப்பதிவு அறையில் நீ ஒரு பக்கம் வாசித்தபோது பேராசிரியர் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். அடுத்து நான் வாசித்தேன். “தெளிவாக இருக்கிறது” என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

வானொலிக்கு நான்கு பேரைத்தான் எடுப்பார்கள். மூன்று பேர் யாரென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான்காவது இடம் உனக்கா எனக்கா என்பதுதான் மிச்சம்.

விடுமுறையில் தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் சந்தித்தோம். புதுத் துறைமுகம் அப்போது கட்டி முடியவில்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, தோணிகள் சரக்கோடு போய் வந்துகொண்டிருந்தன. இருவர் பையிலும் நிரப்பாத தாள். உன் அப்பா படுக்கையில் விழுந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. உனக்குப் பின்னால் இரண்டு தங்கைகள். அதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் பேச்சை எடுத்தேன்.

“ரேடியோவுல வேலை எப்பக் கிடைக்கும்னு யாருக்குல தெரியும்? இங்கன எத்தனை கப்பல் கம்பெனி இருக்கு. மக்கள் தொடர்பு படிச்சேன்னா நேரா ஆபீசர்.”

“எனக்கு எழுத எங்கல வரும்? வாயிதான் இருக்கு.”

“எழுத்து பழகிக்கிடலாம். ஒன் வீட்ட யோசி.”

நீ பையிலிருந்து தாளை எடுத்து மடிப்பை நீவினாய். பிறகு, “நெசமாத்தான் சொல்லுதியா?” என்று கேட்டாய்.

“நெசமாத்தான்.”

என் பேனாவை வாங்கித்தான் நீ மூன்றாவது கட்டத்தில் குறியிட்டாய். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் உன் வீட்டுக்காக நான் அதைச் சொல்லவில்லை. அந்த நான்காவது இடத்துக்காகச் சொன்னேன். நீ உயிரோடு இருந்தவரை இதை உன்னிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

படித்து முடித்த சில மாதங்களில் தூத்துக்குடியிலேயே ஒரு கப்பல் கம்பெனியில் நீ சேர்ந்துவிட்டாய். உன் மூத்த தங்கைக்குக் கல்யாணமும் ஆயிற்று. நான் இரண்டு வருஷம் காத்திருந்து வானொலி நிலையத்துக்குள் நுழைந்தேன். கம்பெனி விழாக்களில் மேனேஜர் பேசுவதை எழுதிக்கொடுப்பது, செய்திக் குறிப்பு தயாரிப்பது, தொழிலாளர்கள் தமிழில் கொடுக்கும் மனுக்களை ஆங்கிலத்தில் மாற்றுவது என்று உன் நாள்கள் போவதாகக் கடிதம் எழுதுவாய். “வாயே தொறக்க வேண்டாத வேலை” என்று ஒருமுறை எழுதியிருந்தாய். சிரித்துவிட்டு மடித்து வைத்தேன்.

பிறகு அந்த விபத்து. கப்பலில் சரக்கு இறக்கப்போன தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு காலையில் புறப்பட்ட உங்கள் கம்பெனி மோட்டார்ப் படகான லாஞ்ச், பாதி வழியில் மூழ்கியது. ஏழு பேர் கரைக்கு உயிரோடு வரவில்லை. லாஞ்சை ஓட்டிய சாரங்கு சூசையும் அவர்களில் ஒருவர். மணப்பாட்டில் உன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தவர். உனக்கு அவர் சூசை அண்ணாச்சி.

அன்று மாலைச் செய்தியைத் தொகுத்து வாசிப்பது என் முறை. உங்கள் கம்பெனிக் குறிப்பு வந்திருந்தது. நடையைப் பார்த்ததுமே நீ எழுதியது என்று தெரிந்துவிட்டது. ‘லாஞ்சின் நிலையில் குறை எதுவும் இல்லை, சாரங்கின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என நிறுவனம் தெரிவிக்கிறது.’ செய்தி நீளமாக இருந்தது. நேரம் போதவில்லை. கடைசி மூன்று சொற்களைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு வாசித்தேன். ‘சாரங்கின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்.’ கரையோரத்து ஊர்களில் எல்லாம் என் குரலில் அது கேட்டது.

மூன்றாம் நாள் நீ நிலையத்துக்கு வந்தாய். சவரம் செய்யாத முகம். வேப்பமரத்தடியில் நின்றுதான் பேசினோம்.

“ஏலே, அந்தக் கடைசி மூணு வார்த்தைய எங்கல போட்ட?”

“நேரம் இல்ல. அதனால எடுத்தேன்.”

“நான் ஒளிஞ்சுக்கிட வச்சிருந்த எடம்ல அது.”

பிறகுதான் மற்றதைச் சொன்னாய். லாஞ்சின் அடிப்பலகையில் நீர் கசிகிறது, கரையேற்றிப் பழுது பார்க்க வேண்டும் என்று சூசை இரண்டு முறை மனு கொடுத்திருக்கிறார். இரண்டையும் ஆங்கிலத்தில் மாற்றி மேனேஜர் மேஜையில் வைத்தவன் நீ. விபத்து நடந்த அன்று மேனேஜர் உன்னைக் கூப்பிட்டுக் குறிப்பு எழுதச் சொன்னபோது, கோப்பில் அந்த மனுக்கள் இல்லை.

“நாளைக்கு இத நீ வாசிப்பியால?”

“ஆதாரம் வேணுமே.”

“நான்தான் ஆதாரம்.”

“அப்ப ஒம் பேரச் சொல்லி வாசிக்கவா?”

இளைய தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. நான் திருப்பிக் கேட்கவில்லை. நீ பேசாமல் நின்றது எனக்கு வசதியாகப் போயிற்று. காப்பி வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு பஸ் ஏறினாய். நான் உன்னைப் பார்த்தது அதுதான் கடைசி.

இளையவளின் கல்யாணம் முடிந்த வாரமே நீ வேலையை விட்டாய் என்று பின்னால் கேள்விப்பட்டேன். விபத்தை விசாரித்த அதிகாரிக்கு, அந்த மனுக்களைப் பற்றி உன் பேர் போட்டே எழுதியிருக்கிறாய். விசாரணை முடிந்துவிட்டது என்று ஒரு வரியில் பதில் வந்திருக்கிறது. ஊரோடு போய்க் குடியில் விழுந்திருக்கிறாய். மஞ்சள் காமாலை வந்து பதினைந்து நாளில் முடிந்துவிட்டது. உன் தங்கை போட்ட கார்டு என் கைக்கு வரும்போது உன்னை அடக்கம் செய்து ஒரு வாரம் ஆகியிருந்தது. உனக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை.

கார்டு கிடைத்த மறுநாளே மணப்பாட்டுக்கு வந்தேன். உன் அம்மா கல்லறைத் தோட்டத்துக்கு வழி சொன்னார். அங்கே உன் மண்மேடு காற்றில் பாதி கரைந்திருந்தது. அங்கிருந்து சூசை வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி முற்றத்தில் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் யாரென்று சொல்ல வாயெடுத்ததுமே நிமிர்ந்தாள்.

“கொரலக் கேட்டாலே தெரியுது. அன்னைக்கு ரேடியோவுல வாசிச்சது நீங்கதான?”

ஆமாம் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். மனுக்கள், காணாமல் போன காகிதம், நான் அடித்த மூன்று சொற்கள். அவள் கையை நிறுத்தாமலே கேட்டாள்.

“ஒங்க கூட்டாளியும் இப்படித்தான், சாவுறதுக்கு முன்ன தெனமும் வந்து இங்கன நின்னு சொல்லுவாரு. எனக்குத் தெரியாததா? எங்க வீட்டுக்காரவுக அந்த மனுவ எழுதயில பக்கத்துல இருந்தவ நான். எம் பிள்ளையள பள்ளிக்கூடத்துல ஆளக் கொன்னவன் மவன்னு சொல்லுதானுவ. எங்கிட்ட எதுக்குச் சொல்லுதிய? ஊருக்குல்லா சொல்லணும்.”

“சொல்லுதேன்” என்றேன். அவள் தலையை அசைத்துவிட்டு அடுத்த வரிசைக் கருவாட்டுக்குப் போனாள்.

சொல்லவில்லை. முதலில் வேலை நிரந்தரமாகட்டும் என்று இருந்தேன். பிறகு பதவி உயர்வு. பிறகு, இத்தனை வருஷம் கழித்து யார் கேட்கப்போகிறார்கள் என்று. உன் கம்பெனியை மூடியபோது அந்தச் செய்தியை வாசித்தவனும் நான்தான். ‘என நிறுவனம் தெரிவிக்கிறது’ என்று நிறுத்தி, முழுதாக, அழுத்தமாக வாசித்தேன். லாஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை சேர்க்கத் துணியவில்லை. ஓய்வு பெற்ற பிறகு இரண்டு முறை திருச்செந்தூர் வரை வந்தேன். மணப்பாட்டு பஸ் நின்றது. ஏறவில்லை.

சூசையின் மனைவியிடம் கொடுத்த அந்த ஒரு சொல்லைத்தான் இத்தனை காலமும் சுமந்துகொண்டிருக்கிறேன். இறக்கி வைக்க வேண்டிய இடம் எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இதோ இப்போதுகூட, ஊருக்கு அல்ல, லாஞ்சைப் பற்றி எல்லாம் தெரிந்த உனக்குத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.