ஆடிக்கு ஆடி

இன்று காலை கொல்லைக் கதவைத் திறந்ததும் மேல்காற்று புழுதியோடு முகத்தில் அடித்தது. கூடவே ஒரு வாசனை. வெற்றிலைக் கொடிக்காலில் ஒடிந்து தொங்கும் அகத்திக் கிளையின் பச்சை வாசனை, அதற்கு அடியில் காவிரிப் புதுவெள்ளத்தின் சேற்று வாசனை. இந்த இரண்டும் சேர்ந்து வேறு எந்த மாதத்திலும் வராது. வானம் முழுக்க மேகம், மழை மட்டும் ஒரு சொட்டு இல்லை. நம் காவிரிக்கரை வேலூருக்கு ஆடி வந்துவிட்டது. நீ போய் இத்தனை வருஷம் ஆகியும் ஆடி என்றால் எனக்குப் பயம்தான்.

நமக்குக் கல்யாணமான வருஷம் உன் அப்பா தம்மம்பட்டியிலிருந்து கூண்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து உன்னை ஆடிக்கு அழைத்துப் போனார். புதுப்பெண்ணை ஆடியில் பிறந்த வீட்டுக்கு அனுப்புவது எல்லோரும் செய்வதுதான். அடுத்த வருஷமும் வண்டி வந்தது. அதற்கடுத்த வருஷமும் வந்தது. மகள் பிறந்து, நடக்கத் தொடங்கிய பிறகும் ஆனிக் கடைசியில் வண்டி வாசலில் நிற்கும். "ஏனுங்க, மாப்பளைக்கு இன்னும் தலையாடி முடியலீங்களா?" என்று வெற்றிலை கிள்ள வருகிறவர்கள் என்னைக் கேலி செய்தார்கள். நானும் சிரித்து மழுப்புவேன், உள்ளே சுருசுருவென்று ஏறும். ஆவணியில் நீ இளைத்துத் திரும்பி வருவாய். அம்மா சமையல் ருசி அப்படியா என்று கிண்டல் செய்வேனே தவிர, அங்கே அந்த மாதம் எப்படிப் போகிறது என்று கேட்டதில்லை.

மகள் இடுப்பில் இருந்த ஒரு ஆனியில், இந்த வருஷம் அனுப்புவதில்லை என்று சொல்லிவிட்டேன். உன் அப்பா வாதாடவில்லை. நீ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய். மாட்டைப் பூட்டிவிட்டு அவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மாப்பிள்ள, ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்குங்க. அவ அளுதுட்டு இருந்தாப் பயமில்லீங்க. சிரிச்சான்னா கைய உட்டுறாதீங்க."

வயசாகிவிட்டது, மகள் ஏக்கத்தில் ஏதோ உளறுகிறார் என்று நினைத்தேன்.

ஆடி பிறந்து காற்று எழுந்தது. நீ தலை வாருவதை விட்டாய். சோற்றை முன்னால் வைத்தால் பார்த்துக்கொண்டே இருப்பாய். பிள்ளை அழுதால் பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுவது மாதிரி திரும்பிப் பார்ப்பாய். என் அம்மா, முனி அடித்துவிட்டது, மந்திரிக்க வேண்டும் என்றாள். எனக்கு அந்தச் சந்தேகம்கூட இல்லை. பிறந்த வீட்டுக்கு அனுப்பாத கோபம், பிடிவாதம், அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். நீ செய்த ஒவ்வொன்றும் அதற்குப் பொருத்தமாகவே இருந்தது. எத்தனை நாளைக்கு வீம்பு பிடிக்கிறாய் பார்க்கிறேன் என்று நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தேன்.

ஆடிப் பதினெட்டு அன்று நீ விடியலிலேயே எழுந்து தலைக்குக் குளித்திருந்தாய். கண்டாங்கிச் சேலை, தலையில் பூ. அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாய். என்னைப் பார்த்துச் சிரித்தாய். "தெளிஞ்சுட்டாடா" என்று அம்மாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. எனக்கும் பெரிய சந்தோஷம், ஜெயித்துவிட்டேன் அல்லவா!

அப்போதெல்லாம் மேட்டூரில் அணை இல்லை. ஆறு அதன் இஷ்டத்துக்கு வரும். செக்கச்செவேலென்று, மரத்தையும் கூரையையும் உருட்டிக்கொண்டு அன்றைக்கு வந்தது. கரை நிறையப் பெண்கள், முளைப்பாரி, குலவைச் சத்தம். நீ பிள்ளையை என்னிடம் நீட்டினாய்.

"இவளப் புடிச்சுக்குங்க. நல்லாப் புடிச்சுக்குங்க."

வாங்கிக்கொண்டேன். நீ சிரித்தாய். கூட்டத்தில் எல்லோரும் முதல் படியோடு நிற்க, நீ அடுத்த படிக்கு இறங்கினாய், அதற்கடுத்த படிக்கும் இறங்கினாய். அப்போதுதான் உன் அப்பா சொன்னது எனக்கு உறைத்தது. பிள்ளையை யார் கையிலோ திணித்துவிட்டுப் பாய்ந்தேன். கொண்டை கைக்குக் கிடைத்தது. மானம் மரியாதை பார்க்காமல் மயிரைப் பிடித்து இழுத்து வந்தேன். வழுக்கிவிட்டது என்று கரையில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் ஆமாம் என்றேன். நீ என்னைப் பார்த்த பார்வையில் கோபமும் இல்லை, நன்றியும் இல்லை.

அன்று மத்தியானமே வண்டி கட்டி உன்னை நானே தம்மம்பட்டிக்குக் கூட்டிப்போனேன். வழியில், ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கேட்டேன். நீ சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்.

"சொன்னாக் கிறுக்கின்னு கொண்டாந்து உட்டுருவீங்கன்னு எங்கம்மாவுக்குப் பயமுங்க. எனக்குத் துக்கமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. மானத்துல மேகம் மூடுச்சுன்னா எல்லாம் ஒண்ணாட்டம் ஆயிப்போவுதுங்க. உப்புப் போட்ட சோறும் உப்பில்லாச் சோறும் ஒண்ணாட்டம். இருக்கறதும் இல்லாததும் ஒண்ணாட்டம்."

என்னால் அதற்குமேல் மாட்டை ஓட்ட முடியவில்லை. ஒரு புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு அழுதேன்.

உன் அம்மா செய்தது பெரிய வைத்தியம் ஒன்றுமில்லை. விடியுமுன் எழுப்பி வெளிச்சம் படும் களத்துக்கு நடத்திக் கூட்டிப்போவாள். வேண்டாம் என்றாலும் தலை வாரிவிடுவாள். ஒரு முறம் பயறு கொடுத்துப் புடைக்கச் சொல்வாள், பாதியில் வைத்தால் ஏன் என்று கேட்கமாட்டாள். யாராவது ஒருவர் எப்போதும் கூப்பிடு தூரத்தில் இருப்பார்கள். கிணற்றுக் கயிறு அந்த மாதம் மட்டும் பூட்டி வைத்த அறைக்குள் இருந்தது. எல்லாவற்றையும் பார்த்துப் படித்துக்கொண்டேன். மறு வருஷத்திலிருந்து நம் வீட்டிலேயே ஆடி. கிழக்குப் பக்க ஓலைத் தட்டியைப் பிரித்தெறிந்து வெளிச்சம் விட்டேன். இருட்டடைந்த கொடிக்கால் பக்கம் உன்னை விடவில்லை. வருஷா வருஷம் பயந்து செத்தேன், ஆனாலும் ஒவ்வொரு ஆவணிக்கும் நீ திரும்பி வந்தாய்.

கடைசியில் ஒரு தையில், பளிச்சென்ற வெயிலில், நாலு நாள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. இத்தனை ஆடியைத் தாண்டியது இதற்குத்தானா என்று.

நம் மகளுக்கு இப்போது கல்யாண வயது. உன் சிரிப்பு, உன் கை. மூன்று வருஷமாக ஆடி வந்தால் அவளும் தலை வாருவதில்லை.

போன மாசம், ஆனியில், திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து வந்து பார்த்தார்கள். நல்ல குடும்பம், பையனும் தன்மையானவன். இரண்டு பக்கமும் பிடித்துப்போய் ஆவணியில் முகூர்த்தம் என்று பேசியாயிற்று. "ஆடிக்கு மட்டும் புள்ளய எங்கூட்டுக்கு அனுப்பி வெச்சுருங்க" என்றேன். வழக்கம்தானே என்றார்கள். "வருஷா வருஷமுங்க" என்றேன். பையன் சிரித்தான். "ஆயுசு பூராவுங்களா மாமா?" நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே, மாட்டைப் பூட்டிவிட்டு நின்ற உன் அப்பாவின் முகம் வந்துவிட்டது. பஸ் நிற்கும் இடம் வரைக்கும் அவனோடு நடந்துபோய் எல்லாவற்றையும் சொன்னேன். ஆற்றில் நடந்ததையும் சேர்த்து. அவன் முகம் மாறிவிட்டது. "ஊட்டுல கலந்துட்டுச் சொல்லியனுப்பறனுங்க" என்று ஏறிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து, அவனிடம் சொன்னதை மகளிடமும் சொன்னேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"நல்லதுதானுங்கப்பா. வெவரந் தெரியாத ஊட்டுல என்னைய யாருங்க புடிப்பாங்க?" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணே ஒண்ணுங்கப்பா. வேண்டாம்னு சொல்லியனுப்புனா, ஆடி முடியற வரைக்கும் எங்கிட்டச் சொல்லாதீங்க. ஆவணியில கேட்டாத் தாங்கிக்குவேன்."

நேற்றுச் சந்தையில் கல்யாணத் தரகர் என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டுச் சொன்னார். வேண்டாமாம்.

ஆடியில் கல்யாணப் பேச்சை யாரும் எடுப்பதில்லை என்பதால் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. இன்று காலை வெளிச்சத்தில் உட்காரவைத்துத் தலை வாரிவிட்டேன். "வாருன பக்கமே ஏனுங்கப்பா திரும்பத் திரும்ப வாருறீங்க?" என்று கேட்டாள்.

"காத்து சாமி" என்றேன்.

ஆடி இன்னும் முழுசாகக் கிடக்கிறது. உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.