மாற்கு இறங்கிய வளைவு

ஜூன் 5, புதன்

மழை. கரமனைப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. கீழே ஆற்றங்கரையில் சில பெண்கள் குடைக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது வேதாகமத்துப் பிலிப்பி ஆற்றங்கரை ஆகிவிட்டது. இதோ பவுல் வந்து பக்கத்தில் உட்காருவார், இரத்தாம்பரத் துணி விற்கிற லீதியாள் முதலில் நிமிர்ந்து பார்ப்பாள்… கண்டக்டர் உசுப்பியபோது என் ஸ்டாப் போய்விட்டது. வேதப்படிப்பு நடத்துகிற நானே தாமதம்.

இன்று அப்போஸ்தலர் நடபடிகள், பதின்மூன்றாம் அதிகாரம். வாலிபன் மாற்கு, பவுலையும் பர்னபாவையும் பாதி வழியில் விட்டுவிட்டு ஊர் திரும்புகிறான். ஏன் என்று எழுதப்படவில்லை. “பயந்தாங்கொள்ளி” என்றேன். பெண்கள் சிரித்தார்கள். பின்வரிசையில் பிஜி தலையைக் குனிந்துகொண்டாள். என் நாத்தனார் சரோஜம் மைனியின் தங்கை மகள். மார்ச்சில் பொன்முடி எஸ்டேட் ஜெபக்கூட்டத்துக்கு எங்களோடு வந்தவள், மலை வளைவில் பஸ்ஸை நிறுத்தி இறங்கித் திரும்பிப் போய்விட்டாள். அவளை நினைத்துத்தான் சொன்னேனா?

ஜூன் 12, புதன்

பதினைந்தாம் அதிகாரம். மாற்குவை மறுபடி கூட்டிப் போவோம் என்கிறார் பர்னபா. கூடாது என்கிறார் பவுல். சண்டை முற்றி ஆளுக்கொரு திசையாகப் பிரிகிறார்கள்.

பாடம் முடிந்து நாற்காலி அடுக்கும்போது மைனி சொன்னார்: “சனியாழ்ச்ச பொன்முடிக்கு பிஜியும் வரட்டும், கேட்டியா.”

“வேண்டாம் மைனி. பாதியில எறங்குறவள நம்பி எப்படிப் போக?”

“பிள்ளைக்கு வயிறு புரட்டிச்சு. நீ திரும்பியாவது பாத்தியா?”

“உங்க தங்கச்சி மகள்லா, அதான் இப்படிப் பரியுதீங்க.”

மைனி குடையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். எத்தனை வருஷம் சேர்ந்தே ஏறிய மலை! சனிக்கிழமை அவரும் பிஜியும் விழிஞ்ஞம் கடற்கரைக் கூட்டத்துக்குப் போகிறார்களாம். பர்னபா மாற்குவோடு சீப்புரு தீவுக்குக் கப்பலேறினது போலவே. போகட்டும். நான் பவுல் பக்கம். பவுல் செய்தது சரிதானே — சரிதானே?

ஜூன் 15, சனி

தனியாகப் புறப்பட்டேன். எப்போதும் ஜன்னலோரம் என்னுடையது. இன்று கிடைக்கவில்லை. நடைபாதை ஓரத்து இருக்கைதான், அன்று பிஜி உட்கார்ந்த மாதிரி. வளைவுக்கு வளைவு வயிறு தொண்டைக்கு வந்தது. ஜன்னலில் ஒருத்தி பனிமூட்டத்தைப் பார்த்து மெய்மறந்திருந்தாள். மார்ச்சில் நானும் அப்படித்தான், பனிக்குள் பவுலின் மலைப்பாதையைப் பார்த்துக்கொண்டு. “மாமி, ஜன்னல்ல இருக்கட்டா?” என்று பிஜி கேட்டாளே. “சும்மா ஜெபி மக்கா” என்றேனே!

முடியல. எறங்கிட்டேன். அவ எறங்குன வளைவு வரைக்கும்கூட நான் போகல. மலைக்குப் போர்த்துகிற சால்வையை மைனி வீட்டில் விட்டிருந்தேன். கீழே போகிற பஸ்ஸுக்காக நடுங்கிக்கொண்டு நின்றேன். மேலே உலகம்மாளும் மற்ற எஸ்டேட் பெண்களும் எனக்காகக் காத்திருந்திருப்பார்கள்.

ஜூன் 16, ஞாயிறு

ஆராதனைக்குக் கோவிலுக்குப் போகவில்லை. மைனி முகத்தைப் பார்க்க வெட்கம்.

ஜூன் 17, திங்கள்

பாடத்தை முந்திக்கொண்டு, சிறையிலிருந்து பவுல் எழுதிய கடைசிக் கடிதத்தைப் படித்தேன். சாவு கிட்டே வந்துவிட்டது. விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரச் சொல்கிறார். அதற்குச் சற்று முன்னால், மாற்குவைக் கூட்டி வா, அவன் எனக்கு உதவியானவன் என்கிறார். எத்தனை தடவை படித்த இடம்! பவுலுக்கும் குளிர்ந்திருக்கிறது. அழுதுவிட்டேன்.

போன் செய்தேன்.

“மைனி, என் சால்வை உங்க வீட்டுல கெடக்கு.”

“கெடக்கு.”

“பிஜிகிட்ட குடுத்து விடுங்க. நான் அவகிட்ட பேசணும்.”

“ஏட்டி செல்லபாயி, அவ ஒத்தைக்கு வரமாட்டா. நானும் வாறேன்.”

ஜூலை 6, சனி

பொன்முடி. நடைபாதை ஓரத்தில் மைனி. நடுவில் நான், மடியில் எலுமிச்சம்பழமும் பிளாஸ்டிக் பையும். வழியெல்லாம் கண்ணை இறுக மூடியிருந்தேன். பனிக்குள் என்னென்ன தெரிகிறது என்று ஜன்னலோரத்திலிருந்து பிஜி சொல்லிக்கொண்டே வந்தாள்.