ஆற்றுக்குள் நின்று பார்த்த திருவிழா

அத்தை,

ஆற்று நீர் ஏறுகிறதென்று வாசலில் மணல் மூட்டைகளை அடுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். நனைந்த சாக்கின் வாசம் வீடு முழுக்க. ஜன்னலைச் சாத்தியும் போகவில்லை. உங்கள் சாவு வீட்டில் என்னால் வாய் திறக்க முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் நம் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் உங்களுக்கு மிஞ்சியிருந்த துணி கூறைப்புடவை ஒன்றுதான். வெளியே போகும்போது அதைக் கட்டுவீர்கள். வீட்டுக்குள் சாக்கைச் சுற்றிக்கொள்வீர்கள். மாமாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப் போயிருந்தார்கள். எனக்கு எட்டு வயது.

அந்த ஆடியில், ஆற்றங்கரை அம்மனுக்குச் சாத்தப் புதுச் சேலை எங்கும் கிடைக்கவில்லை. கோயில் தலைவர் அப்பா, உங்கள் அண்ணன்; ஊர்ப் பெரியவர் ஒருவரோடு உங்களைத் தேடி வந்தார்.

“ஆத்தா பழைய கந்தலோட நிக்கிறா. ஒன் கூறையக் குடும்மா. திருவிழா முடிஞ்சதும் நானே கொண்டாந்து குடுத்துடுறேன்.”

“அப்ப நான் எதக் கட்டிக்கிட்டு வர்றது, அண்ணே?”

அப்பா துண்டை எடுத்துத் தோள் மாற்றிப் போட்டார். கூட வந்த பெரியவர்தான், “சயாம் போனவன் வந்து கூறையத் தேடப் போறானாக்கும்?” என்று சிரித்தார். அப்பா அவரை அதட்டவில்லை. நீங்கள் புடவையை மடித்துக் கொடுத்தீர்கள்.

திருவிழாவன்று உங்களைத் தேடி ஆற்றுக்கு வந்தேன். புதரோரம், கழுத்தளவுத் தண்ணீரில் நின்று கோயிலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

“முதலை வரும், அத்தை.”

“சாக்கு கட்டுனவள முதலகூடத் திரும்பிப் பாக்காதுடி. ஆத்தா அழகா இருக்காளா?” பிறகு மெதுவாக, “கல்லுக்குக் குளிருமேன்னு எங்கண்ணனுக்குத் தோணியிருக்கு பாரு” என்றீர்கள்.

அம்மனுக்குச் சாத்திய சேலையை ஏலம் விடுவது அங்கே வழக்கம். “இது தங்கச்சி சேலை...” என்று அப்பா ஆரம்பித்தார்.

“சாத்துனப்புறம் அது ஆத்தாவோடது. தலைவரே வழக்கத்த மாத்துனா எப்படி?” என்றார் அதே பெரியவர்.

அப்பா உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர் ஒருவர் அரை மூட்டை அரிசி கொடுத்துப் புடவையை எடுத்தார். அரிசியை அங்கேயே பொங்கி எல்லோருக்கும் பரிமாறினார்கள். மாதக்கணக்கில் மரவள்ளிக்கிழங்கையே தின்ற கூட்டம். அப்பாவும் கை நனைத்தார்.

உங்களுக்கு ஓர் இலையில் கொண்டுவந்தேன். ஏலக் குரல் ஆற்றங்கரை வரை கேட்டிருக்கும்.

“நீ தின்னியா?”

“ம்.”

“பசி அடங்குச்சா?”

நான் இலையைப் பார்த்தேன். “அப்ப இதையும் தின்னுடு” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். கரையில் நின்றபடியே தின்றேன்.

அதன் பிறகு அப்பா உங்கள் எதிரில் சாப்பிட உட்கார்ந்ததே இல்லை. நீங்களும் ஏன் என்று கேட்டதில்லை.

ஐம்பதை நெருங்குகிறேன். கோயிலுக்குள் போவதில்லை. பல்கலைக்கழகப் படிப்பு என்னைக் கெடுத்துவிட்டதாகத் தம்பி சொல்கிறான். அப்பா தலைவராக இருந்து, பஞ்சத்திலும் ஊருக்கே சோறு போட்டார் என்று தன் பிள்ளைகளுக்குப் பெருமையாகச் சொல்லிக்கொடுக்கிறான். நான் பேசாமல் இருந்துவிடுகிறேன். மறுப்பதென்றால் அது யாருடைய சோறு என்று சொல்ல வேண்டும். அது எவ்வளவு ருசியாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.