அப்பாவின் இடது கையும் மஃறூப் நானாவின் ஹஜ்ஜும்

சரவணை
12.07.2025

அன்புள்ள மகன் நிலக்ஷனுக்கு,

நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் கோசலாவும் அந்தக் குளிர் நாட்டில் நோய்நொடி இல்லாமல் இருக்க அம்மனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொல்லியிருப்பேன், ஆனால் நான் போனை எடுத்தால் அப்பா பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்துவிடுகிறார். விஷயம் அவருடைய இடது கையைப் பற்றியது.

அந்தக் கை ஒன்றரை அங்குலம் கட்டை என்று நீ பிறந்த நாளிலிருந்து கேட்டிருப்பாய். அதனாலேயே அவர் கிணற்றில் தண்ணீர் அள்ளியதில்லை, ஓலைக்கட்டு தூக்கியதில்லை. எல்லாம் எங்கள் கல்யாணச் சட்டையில் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் தையல்கடை வைத்திருந்த மஃறூப் நானா தைத்த சட்டை அது. இடது கை மட்டும் விரல்வரை தொங்குகிறதே என்று அப்பா கேட்க, சட்டை சரி, உங்கள் கைதான் கட்டை என்று அவர் சொல்லிவிட்டார். அன்று முதல் அப்பா எல்லாச் சட்டையிலும் இடப்பக்கத்தைக் குறைத்துத்தான் தைப்பிப்பார். மணிக்கட்டு வெளியே தெரியும், கேட்டால் தோய்த்ததில் சுருங்கிவிட்டது என்பார்.

மஃறூப் நானா தொண்ணூறில் இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு, இப்போது திரும்பவும் யாழ்ப்பாணத்தில்தான் இருக்கிறார். வைகாசியில் ஒருநாள் பஸ்ஸில் வந்து இறங்கினார். மக்காவுக்கு ஹஜ் யாத்திரை போகப்போகிறாராம். அல்லாஹ்வுக்குச் செய்த பிழையை அங்கே அறபா வெளியில் நின்று அழுதால் அவன் மன்னிப்பானாம், மனிதருக்குச் செய்ததை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டுமாம். எல்லாரிடமும் கேட்டு முடித்துவிட்டாராம், மிச்சம் அப்பா ஒருவர்தானாம். வைத்த தேத்தண்ணியைத் தொடாமல், “அண்ணை, உங்கட கை கட்டையில்லை. நான்தான் துணியைப் பிழையா வெட்டிப்போட்டன். கடையில சனம் நிண்டது, வெக்கத்தில பொய் சொல்லிப்போட்டன். மாப்புத் தாங்கோ” என்றார்.

அப்பா கையைப் பார்த்தார். கை கட்டைதான், ஆகவே நீர் பொய் சொல்லவில்லை, ஆகவே மன்னிக்க ஒன்றுமில்லை என்றுவிட்டார். நானா பையிலிருந்து நாடாவை எடுத்து அளந்தார், இரண்டும் இருபத்திநாலு. நாடா பழசு, இழுபட்டுவிட்டது என்றார் அப்பா. பக்கத்து வீட்டுக் கணித வாத்தியார் நிசாந்தன் இரும்பு நாடாவோடு வந்தார், அதிலும் இருபத்திநாலு. வாத்தியார் கண்ணாடி மாற்ற வேண்டும் என்றார் அப்பா. எனக்கோ உடம்பெல்லாம் பற்றியெரிந்தது, முப்பத்தாறு வருடம் தண்ணீர் அள்ளியவள் நான் அல்லவா.

நானா மூன்றாம் முறை வந்தபோது இரண்டு வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து விரித்தார். இஹ்றாம் என்று சொல்கிறார்கள். ராசாவானாலும் தையல்காரனானாலும் அங்கே ஊசி படாத இந்த இரண்டு துணிதானாம், அதை உடுத்தினால் நகம் வெட்டக்கூடாது, பூச்சியைக்கூடக் கொல்லக்கூடாதாம். “அண்ணை, வாழ்நாள் முழுக்கத் தைச்சனான். அங்க ஒரு தையலும் இல்லாமல் நிக்கப்போறன். இந்தப் பொய்யோட இதை உடுக்க ஏலாது” என்று அழுதுவிட்டார்.

அப்பா எழும்பிப் போய்க் கிணற்றடியில் நெடுநேரம் நின்றார். அவருக்கு அப்போதே விளங்கிவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். கை சரியென்றால் இத்தனை வருடமும் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அறுபத்திமூன்று வயதில் ஒரு மனிதர் யாரிடம் போய்ச் சொல்வது? திரும்பி வந்து, “நான் மன்னிச்சன். ஆனா கை கட்டைதான். அங்க போய் அது வளரவும் ஒருக்காக் கேளும்” என்றார். நானா கொஞ்சம் யோசித்தார், கேட்பதில் பொய் இல்லை என்று ஒத்துக்கொண்டு ஆறிய தேத்தண்ணியைக் குடித்தார்.

பிறகு அப்பா நாள் முழுக்கப் போனும் கையுமாக இருந்தார். சனம் கஃபாவை ஏழு தரம் சுற்றுவதையும், பிள்ளைக்குத் தண்ணீர் தேடி ஒரு தாய் ஓடிய இரண்டு குன்றுகளுக்கிடையே நடப்பதையும் எனக்குக் காட்டிக் காட்டி விளக்கினார். அறபா நாளன்று மத்தியானத்திலிருந்து பொழுதுபடும்வரை முற்றத்து வெயிலில் கைகளை ஏந்திக்கொண்டு நின்றார், நானா அங்கே நிற்கிறாராம். மறுநாள் காலையில் கை வளர்ந்துவிட்டது என்றார். வாத்தியாரைக் கூப்பிட்டு அளப்பித்தார். இரண்டும் இருபத்திநாலு. அன்றைக்கே தொட்டி நிறையத் தண்ணீர் அள்ளினார்.

நானா மொட்டைத் தலையோடும் பேரீச்சம்பழத்தோடும் ஸம்ஸம் தண்ணீரோடும் வந்தபோது அவர் கேட்டுக் கை வளர்ந்த கதையைக் கேள்விப்பட்டு எங்கள் படலையில் நாற்பது பேர். புளியங்கூடலிலிருந்து கால் இழுத்து நடக்கும் ஒருவர், வீசா கிடைக்காத இரண்டு பேர். நானா பயந்துபோய் குசினிக்குள் வந்து, “தங்கச்சி, பிறந்த பிள்ளை மாதிரி வந்திருக்கிறன். முதல் வீட்டிலேயே என்னைப் பொய் சொல்ல வைக்கப்போறார்” என்றார். அதற்குள் அப்பா எல்லார் முன்னாலும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். நானா நாடாவை எடுத்தார், ஆறுதலாக ஒன்றை அளந்தார், மற்றதையும் அளந்தார்.

“ரெண்டும் சமன், அண்ணை.”

நாடாவைச் சுருட்டிப் பையில் வைத்தார். அப்பா அவரை இறுக்கிக் கட்டிக்கொண்டு விடவேயில்லை. சனம் பேரீச்சம்பழத்தைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டது.

மகன், கோசலாவுக்குப் பிள்ளை பிறக்கும் மாதம் ஐப்பசிதானா என்று சரியாக எழுது, அப்பா பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறார். அவளைப் பாரம் தூக்க விடாதே. தண்ணீர் அள்ளுகிற வேலை அங்கே இல்லையென்றாலும் வேறு வேலை இருக்கும்தானே, நீ செய். மூன்று பேருக்கும் எங்கள் ஆசீர்வாதம்.

அன்புடன்,
அம்மா
அ. சிவக்கொழுந்து