திருப்பிப் போட்ட வாக்குத்தத்த அட்டை

1. இதை எழுதுபவர்: பெரியகுளம் தென்கரையில் வசிக்கும் வழக்கறிஞரும் நம் சபையின் செயலாளருமான ஜாஸ்பர், உன் தகப்பன்.
2. இதைப் பெறுபவர்: டப்ளினில் செவிலியராகப் பணிபுரியும் என் ஒரே மகள் ஜெஸ்லின்.

அன்புள்ள ஜெஸ்லினுக்கு, கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகம்; அங்குள்ள குளிரிலும் நீ சுகமாயிருக்கக் காலைதோறும் ஜெபிக்கிறோம். மாந்தோப்புகள் இவ்வாண்டு முன்னதாகவே பூத்துவிட்டன, அம்மா தும்மிக்கொண்டிருக்கிறாள். உன் வலைப்பக்கக் கதையை யாரோ சபையின் வாட்ஸப் குழுவில் பகிர, சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி என்னை அழைத்து விசாரித்தது. அதைக் கேள்விப்பட்டு மறுநாளே நீ கதையை நீக்கிவிட்டாய். இனிக் கதையே எழுதப்போவதில்லை என்றும் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். அது குறித்தே இக்கடிதம்.

புத்தாண்டுக் காலை ஆராதனையில், தட்டில் கவிழ்த்து வைத்த வாக்குத்தத்த அட்டைகளுள் ஆளுக்கொன்று எடுத்து, அதையே அவ்வாண்டுக்கான தேவவாக்காகக் கொள்வது நம் வழக்கம். உன் கதையில் வரும் வக்கீல், மனைவிக்கு அறுவைச் சிகிச்சை நடக்கவிருக்கும் ஆண்டில், துன்பத்தில் பொறுமையாயிரு என்னும் வசனம் வந்ததும் அதைத் தட்டிலேயே கவிழ்த்துவிட்டு, சுகம் தருவேன் என்னும் வேறோர் அட்டையை எடுக்கிறார். கமிட்டியில் ஜவுளிக்கடை வினோத்ராஜ், "வெறுங் கதைதான்னு ஒரு வார்த்த சொல்லிருங்க சார், முடிச்சுக்கிருவோம்" என்றார். எளிய வழிதான். ஆயினும், அது நடந்தது, திருப்பிப் போட்டவன் நானே என்று கூறி, கூட்டக் குறிப்பில் பதியுமாறு கேட்டுக்கொண்டேன். பிறகு வினோத்ராஜே, "அப்பன்னா எம்பேரையும் சேத்து எழுதிக்கிருங்க, போன வருசம் நான் மூணு தடவ மாத்துனேன்" என்றார். கூட்டம் அத்துடன் கலைந்தது.

நான் அறியாதிருந்தது ஒன்றே. எனக்கு அடுத்து நின்ற நீ அதே அட்டையை எடுத்தாய் என்பதும், அம்மாவின் வேதனை உன் கையால் வந்தது என்று நம்பி, பதின்மூன்று வயதில் ஓராண்டு முழுவதும் ஒருவரிடமும் சொல்லாதிருந்தாய் என்பதும் கதையை வாசித்தபோதே எனக்குத் தெரிந்தது. நான் செய்த பிழைக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அம்மாவோ, "நீ எடுத்த அட்டைதான் பலிச்சுச்சு. ஆஸ்பத்திரியில பொறுமையா எம்பக்கத்துல இருந்தவ நீதான், ஒங்கப்பா வராண்டாவுல நடந்துக்கிட்டேல்ல இருந்தாக, அப்டின்னு எழுதுங்க" என்கிறாள். எழுதிவிட்டேன்.

ஆகவே கதையை மீண்டும் வெளியிடு. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொள். ஆத்திரத்தில் யாருக்கும் பதில் எழுதாதே. அட்டை எடுத்த அன்று நான் அணிந்தது வெள்ளைச் சட்டை, கதையில் உள்ளதுபோல் நீலமன்று. அதைத் திருத்த வேண்டியதில்லை. வலைப்பக்கத்தில் நீ எழுதும் ஞாயிறு தியானங்களையும் விடாமல் வாசிக்கிறேன். அவற்றில் நீ தீர்ப்பு எழுதி முடிக்கிறாய், கதையில் அவ்வாறு செய்யவில்லை. இத்தனை ஆண்டுகள் என்னிடம் சொல்ல முடியாததைக் கதையில்தான் உன்னால் சொல்ல முடிந்தது; அதை விட்டுவிடாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஒரு நினைவூட்டல்: அந்த அட்டை இன்னும் உன்னிடம் இருப்பதாகக் கதை சொல்கிறது. அது உண்மையாயின், ஊருக்கு வரும்போது கொண்டு வந்து என்னிடம் ஒப்படைத்துவிடு. முதலில் எடுத்தவன் நான், அது என்னுடையது.

இப்படிக்கு,
ஜாஸ்பர்

சாட்சிகள்:
1. சுயம்புலிங்கம், குமாஸ்தா, கதையை எனக்கு முதலில் வாசித்துக் காட்டியவர்.
2. ஜெபஷீலா, யாருக்காக அட்டை திருப்பிப் போடப்பட்டதோ அவர், நலமாயிருக்கிறார்.