அடி மட்டும் போதாதாம்

12 ஆகஸ்ட் 1976, வியாழன்

தங்கை ஸ்டெல்லாவைத் தாம்பரத்தில் ஒரு வக்கீலிடம் கூட்டிப்போனேன். புருஷன் ஒடித்த கையில் இன்னும் மாவுக்கட்டு. வக்கீல் அதைப் பார்த்தார்.

"இந்துவா இருந்தா விவாகரத்துக்கு இதுவே போதும்மா. இந்த வருஷம்தான் பார்லிமெண்டுல சட்டத்தை மாத்தினாங்க. கிறிஸ்தவங்களுக்கு இன்னும் வெள்ளைக்காரன் போட்ட சட்டம்தான். அடிச்சா மட்டும் போதாது, அவருக்கு வேற பொம்பளையும் இருக்கணும்."

எலும்பும் மதம் பார்த்தா ஒடிகிறது? கேட்க வாய் வரை வந்தது. ஃபீஸைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன்.

ரயில் வண்டலூர் தாண்டியதும் ஸ்டெல்லா கேட்டாள்: "அக்கா, அவருக்கு ஒருத்தி இருக்கணும்னு ஜெபம் பண்ணலாமா?"

சீ, வாயை மூடு என்றேன்.

இன்று குடும்ப ஜெபத்தில் கண்ணை மூடியதும் கர்த்தரிடம் நான் கேட்டது அதைத்தான்.