முன்சக்கர போல்ட்டுகள்

என்னங்க,

முன்சக்கர போல்ட்டுகளைத் தேட வேண்டாம். என் சாப்பாட்டுப் பையில் இருக்கின்றன. ஷிப்டுக்குப் போகிறேன்.

சோழவரம் ரேஸுக்காக ஃபியட்டில் பெரிய டிஸ்க் பிரேக் வைத்தீர்கள், சரி. பிக்கப் வேண்டும் என்று சின்னச் சக்கரமும் மாட்டினீர்கள். டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் ரிம்மில் இடிக்கும் என்றேன். "ஒரு நூல் எடம் இருக்குடி, நீ போயி அடுப்புல ஒலையப் பாரு" என்றீர்கள்.

பார்த்தேன். பிறகு, வால்வு எங்கே படிகிறது என்று நீங்கள் மசி தடவிப் பார்ப்பதுபோல, குங்குமத்தை எண்ணெயில் குழைத்துக் காலிப்பர் மேல் தடவி, ஜாக்கியில் நின்ற வண்டியின் சக்கரத்தைச் சுற்றினேன். ரிம்மின் உள்பக்கம் முழுக்கச் சிவப்பு. கையால் சுற்றும்போதே தொடுகிறது. வேகத்தில், வளைவில் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஓட்டப்போவது நீங்கள்.

பழைய பெரிய சக்கரத்தை மாட்டுவதென்றால் மில் கேட்டுக்கு வாருங்கள், போல்ட்டுகளைத் தருகிறேன். கோபமாகவே வாருங்கள்.

கமலவேணி

இட்லி மூடி வைத்திருக்கிறது. சட்னியில் உப்பு கொஞ்சம் கூடிவிட்டது.

உங்களோடு சோழவரம் வரும் கண்ணையன் மத்தியானம் வருவார். அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. பெரிய சக்கரம் உங்கள் யோசனையாகவே இருக்கட்டும்.